சிங்கத்தின்ர பல்லும் எங்கட குசினியும்

பல்லைக் கழட்டிக் கிளாசுக்குள்ள போட்டிட்டுப் படுக்கிற வயசுக்கு நாங்கள் எல்லாரும் வந்திட்டம். என்ர வாயில சொந்தமாக் கிடக்கிறது கீழ் வரிசையில கொஞ்சம், அதிலயும் ஒண்டு ஆடுது. உங்கட நிலைமை என்னெண்டு நான் கேக்க மாட்டன், பயப்பிடாதேங்கோ. ஆனால் பல்லை வைச்சு எங்கட வீட்டில நடந்த கூத்து உங்கள் ஒருத்தற்ற வீட்டிலயும் நடந்திராது. இதை நான் ஒருத்தருக்கும் முழுசாச் சொன்னதில்லை. சொல்லத் தொடங்கினால் முதல்ல சிரிப்பு வரும், பிறகு சிரிச்சதுக்கு வெக்கமா இருக்கும். சிரிப்பு வந்தால் சிரியுங்கோ. முடியுமட்டும் இருந்து கேட்டிட்டுப் போனால் காணும்.

அப்ப எனக்குப் பத்து வயசிருக்கும். வெள்ளைக்காரன்ர நேவி துறைமுகத்தை விட்டுப் போன காலம். அதுவரைக்கும் சந்தியில நிண்டால் தொப்பி போட்ட சிப்பாயள், கப்பல் சங்கு, லொறிச் சத்தம் எண்டு ஒரே அமளி. அவங்கள் போனாப் பிறகு ரவுண் கலியாணம் முடிஞ்ச வீடு மாதிரிக் கிடந்தது. கோட்டைப் பக்கத்து மான்கள் எங்கட ஒழுங்கை வரைக்கும் வந்து வேலியில நிக்கிற பூவரசங் குழையைத் தின்னும், கலைக்கிறதுக்கும் ஆளில்லை. கடல் காத்துத் திரும்பினால் தாரும் எண்ணெயும் கருவாடும் கலந்து ஒரு மணம் வரும். இண்டைக்கும் அந்த மணம் எங்கயாவது அடிச்சால் நான் நிண்டிடுவன்.

ஐயா துறைமுகக் களஞ்சியத்தில கிளாக்கர். கப்பல் குறைய அவருக்கு வேலையும் குறைஞ்சு போச்சு. சும்மா இருக்கத் தெரியாத மனுசன். வாசிப்பார், யோசிப்பார், யோசிச்சதை ஆருக்காவது சொல்லாட்டில் அவருக்குச் சோறு இறங்காது. கேக்க ஆளில்லாட்டில் என்னைக் கூப்பிடுவார். நான் ஒரே பிள்ளை. எனக்குப் பிறகு அம்மாவின்ர வயித்தில வந்தது ஒண்டும் தங்கேல்லை, எல்லாம் அரைவழியில போச்சு.

அந்த வருசம் கோயில் மடத்தில இந்தியாவிலயிருந்து வந்த ஒரு சாமியார் பேசினார். புலால் உண்ணாமையைப் பற்றி எத்தினையோ பேர் பேசிக் கேட்டிருப்பம். பாவம் எண்டுவினம், நரகம் எண்டுவினம். நாங்களும் தலையாட்டிப் போட்டு வீட்ட வந்து மீன்குழம்போட சாப்பிடுவம். இந்தச் சாமியார் பாவத்தைப் பற்றி வாயே திறக்கேல்லை. ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்து முன்வரிசையில இருந்தவையின்ர கையில குடுத்து, “வாயைத் திறந்து பாருங்கள். சிங்கத்தின் பல் எங்கே இருக்கிறது?” எண்டு கேட்டாராம். ஐயா முன்வரிசையில இருந்தவர். அந்தக் கண்ணாடிக்குள்ள விழுந்த மனுசன்தான், பிறகு எழும்பவேயில்லை.

அண்டையிலயிருந்து எங்கட வீட்டுக்கு எலும்பு வரத் தொடங்கிச்சு. இறைச்சிக்கடையில கேட்டு ஒரு ஆட்டின்ர தாடை. கோட்டைக்குள்ள செத்துக் கிடந்த மானின்ர தாடை. கன்னியாப் பக்கத்துப் பத்தைக்குள்ள எடுத்த ஒரு குரங்கின்ர மண்டையோடு. நாய் ஒண்டின்ர தாடை, அது ஆற்ற நாய் எண்டு நான் கேக்கேல்லை. எல்லாத்தையும் சுண்ணாம்புத் தண்ணியில ஊறவைச்சுக் கழுவி, ஒரு பெரிய பிஸ்கட் ரின்னுக்குள்ள பஞ்சு பரப்பி அடுக்கி, சாமிப்படம் வைச்ச அலுமாரிக்குக் கீழ வைச்சிருந்தார்.

“இதென்ன கோதாரி, சாமிப்படத்துக்குக் கீழ சுடுகாடு” எண்டு அம்மா கத்தினா.

“சுடுகாடில்லையப்பா. இது சாட்சி” எண்டார் ஐயா.

எங்கட வீட்டுக்கு ஆர் வந்தாலும் அந்த ரின் வெளியில வரும். தேத்தண்ணி வருதோ இல்லையோ ரின் வரும். நான் வந்து கதிரையில இருந்து வாயைத் திறக்கவேணும். ஐயா ஈர்க்குக் குச்சியால தொட்டுத் தொட்டுக் காட்டுவார். “இது வெட்டும்பல்லு. முயலுக்கும் இருக்கு, மாட்டுக்குக் கீழ மட்டும் இருக்கு. இது வேட்டைப்பல்லு. பேர் மட்டும்தான் வேட்டை, இதால ஒரு எலியை வேட்டையாட ஏலுமோ? சிங்கத்துக்கு இது ஒரு விரல் நீளம். இது கடைவாய்ப்பல்லு. தட்டையாக் கிடக்குது பாருங்கோ, அம்மி மாதிரி. அரைக்கிறதுக்கு. சிங்கத்தின்ர கடைவாய்ப்பல்லு கத்தரிக்கோல்.” பிறகு எனக்கு ஒரு துண்டு தேங்காய் தருவார். நான் சப்பவேணும். “பாருங்கோ, தாடை பக்கவாட்டில போய் வருது. மாடும் இப்பிடித்தான். நாய் மேலயும் கீழயும் மட்டும்தான். நாய் நக்கிக் குடிக்கும், மாடு உறிஞ்சிக் குடிக்கும். நீங்கள் தேத்தண்ணியை நக்கியோ குடிக்கிறியள்?”

வந்தவர் தேத்தண்ணியை மெதுவாக் கீழ வைப்பார். எனக்குத் தேங்காய் கிடைச்சால் சரி. சப்பிச் சப்பி எனக்கு மாடு எண்டே பள்ளிக்கூடத்தில பட்டம் வந்திட்டுது. ஐயாவுக்கு ஊரில பல்லுக் கிளாக்கர்.

அம்மாவைப் பற்றிச் சொல்லவேணும். அம்மா சாம்பல்தீவுக்காரி, கடலுக்குப் போற குடும்பம். மாமாவுக்குச் சொந்தமா வள்ளம் இருந்தது. ஒவ்வொரு கிழமையும் சைக்கிளில பனையோலைப் பை நிறைய மீனோட வருவார். அம்மாவுக்கு மீன் எண்டால் உயிர். தலையை அவ உறிஞ்சிற விதத்தைப் பாத்தால் முள்ளுக்கே பாவமா இருக்கும். ஐயாவின்ர ஆக்களுக்கு இந்தச் சம்பந்தம் அவ்வளவு பிடிக்கேல்லை. “மீன்காரப் பகுதி” எண்டு கலியாண வீட்டிலயே அம்மாவின்ர காதுபட ஆரோ சொன்னவை. அந்தச் சொல்லை அம்மா மறக்கேல்லை. வெள்ளிக்கிழமையில ஐயாவின்ர ஆக்களைவிட ஒரு படி மேல சைவமா இருந்து காட்டுவா. நான் சொல்லப் போற எல்லாத்துக்கும் அடிவேர் அதுதான். சின்ன வயசில எனக்கு இது விளங்கேல்லை.

எங்கட வீடுகளில மீன்சட்டி வேற, மரக்கறிச் சட்டி வேற. உங்களுக்கும் தெரியும். ஐயா ஒரு நாள் சாப்பாட்டுக்கு இருந்து, மீன்குழம்பைப் பாத்து, “இனி எனக்கு இது வேண்டாம்” எண்டார். அவ்வளவுதான் சொன்னவர். நீங்களும் தின்னாதேங்கோ எண்டு சொல்லேல்லை, இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்லுவன். அடுத்த நாள் காலமை அம்மா மீன்சட்டியைக் கொண்டுபோய்க் கிணத்தடிக் கல்லில போட்டு உடைச்சா. மாமா பையோட வந்தால் படலையிலயே மறிச்சு, “அண்ணை, இனி மரக்கறி இருந்தால் கொண்டாங்கோ” எண்டா. மாமா மீனையும் பாத்து அம்மாவையும் பாத்துப்போட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.

ஐயாவுக்கு அண்டைக்குப் பெருமை தாங்கேல்லை. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சார். “நான் ஒரு சொல்லும் சொல்லேல்லை, அவவாவே விளங்கிக்கொண்டா.”

பிஸ்கட் ரின்னுக்குள்ள ஒரு குறை இருந்தது. சிங்கம் இல்லை. இந்த நாட்டின்ர கொடியில சிங்கம் இருக்குது, காட்டில சிங்கம் இல்லை. கொடியில இருக்கிற சிங்கத்தின்ர பல்லைப் பிடிச்சுப் பாக்க ஏலாது எண்டு ஐயா சலிச்சுக்கொள்ளுவார். அப்பிடியிருக்க முற்றவெளியில சேர்க்கஸ் வந்து கூடாரம் அடிச்சுது. நோட்டீசில வாயைப் பிளந்த சிங்கம். ஐயா எங்கள் ரெண்டு பேரையும் பகலிலயே கூட்டிக்கொண்டு போனார். வித்தை பாக்க இல்லை, வாய் பாக்க.

கூட்டைப் பாத்துக்கொண்டிருந்த ஆளோட கதைச்சுப் பழகி, ஒருமாதிரி உள்ளுக்குப் போயிட்டம். சிங்கம் படுத்துக் கிடந்தது. இடுப்பெலும்பு தள்ளி, பிடரி மயிர் சடை பிடிச்சுப் போயிருந்தது. பழைய மூத்திர மணம். அந்த ஆள் கம்பியைத் தட்ட, அது எங்களைப் பாத்து ஒரு கொட்டாவி விட்டுது. ஐயா எட்டிப் பாத்தார். நானும் பாத்தன். வாய்க்குள்ள மஞ்சளா ரெண்டு மூண்டு குறை. மிச்சமெல்லாம் பல்லு விழுந்த வெறும் முரசு.

“வயசாயிடுச்சு சார்” எண்டார் அந்த ஆள். “பல்லெல்லாம் போயிடுச்சு. கறியைக் கொத்திக் கொத்திதான் போடறோம். இல்லேன்னா செத்துடும்.”

திரும்பி வரேக்க அம்மாதான் மெல்லச் சொன்னா. “பாவம், பல்லில்லாட்டிலும் அதுக்கு இறைச்சிதான் வேணும் போல. உடம்பு கேக்குதாக்கும்.”

அந்தச் சொல்லை ஐயா நிண்டு கேட்டிருந்தால்! அதில ஒரு பெரிய நியாயம் கிடந்தது. உடம்பு என்ன கேக்குது எண்டதைப் பல்லை மட்டும் பாத்துச் சொல்ல ஏலாது எண்டு அம்மா அறியாமலே சொல்லிப்போட்டா. ஐயா வேற பக்கம் ஓடினார். “அதுதான் சொல்லுறன், பல்லு மட்டும் இல்லை. குடல்! சிங்கத்தின்ர குடல் கட்டை. இறைச்சி அழுக முதல் வெளிய தள்ளிப்போடும். எங்கட குடல் நீளம்.” அடுத்த நாள் தும்புக்கயிறு வாங்கிக்கொண்டு வந்து, ஏதோ புத்தகத்தைப் பாத்து அளந்து வெட்டி, சிங்கத்தின்ர குடல், மனுசன்ர குடல், மாட்டின்ர குடல் எண்டு முத்தத்தில இழுத்துக் கட்டினார். மாட்டின்ர குடல் மாமரத்தைச் சுத்திக் கிணத்தடிக்குப் போய்த் திரும்பி வந்தது. அம்மா மனுசன்ர குடலில உடுப்புக் காயப்போட்டா. அந்தக் கோடை முழுக்க என்ர பள்ளிக்கூடச் சட்டை மனுசக் குடலிலதான் காய்ஞ்சுது. சிரியுங்கோ, நானும் சிரிச்சிருக்கிறன்.

கோயில் திருவிழாக் காலத்தில ஐயாவை மடத்தில பேசச் சொல்லிக் கேட்டினம். அம்மா அப்ப வயித்தில பிள்ளையோட. இந்தமுறை தங்கிட்டுது, அஞ்சாம் மாசமும் தாண்டிட்டுது எண்டு வீட்டில மெல்லமாக் கதைச்சு மெல்லமா நடந்த நாள்கள். பச்சைச் சீலை உடுத்துக்கொண்டு பொம்பிளையள் பக்கத்தில முன்னுக்கு இருந்தா. ஐயா தாடையளை மேசையில அடுக்கி, கயிறுகளை மாலை மாதிரித் தோளில போட்டுக்கொண்டு பேசினார். நல்லாத்தான் பேசினார். சனம் சிரிச்சுது, வாயைத் திறந்து தங்கட பல்லைத் தொட்டுப் பாத்துது. எனக்கே அண்டைக்கு நான் ஒரு மாடு எண்டதில பெருமை வந்தது.

அப்ப பின்னால சுவரோட சாய்ஞ்சு நிண்ட ஒரு வேலையத்த மனுசன் குரல் குடுத்தார். “கிளாக்கர், உங்கட மனுசி சாம்பல்தீவுதானே? குசினியில மீன்சட்டியை ஒளிச்சு வைச்சிருக்கிறாவோ எண்டு பாத்தனீங்களோ?”

மடம் குலுங்கிச் சிரிச்சுது. ஐயாவின்ர முகம் கறுத்துப் போச்சு. அவர் வாய் திறக்க முதல் அம்மா எழும்பினா. ஆம்பிளையள் கூடின இடத்தில அம்மா குரல் எடுத்துக் கதைச்சதை நான் அதுக்கு முன்னமும் கேக்கேல்லை, பிறகும் கேக்கேல்லை. “மீன்சட்டியை என்ர கையாலதான் உடைச்சனான். இனி இந்தச் சீவன் போகுமட்டும் மீன், மச்சம் ஒண்டும் என்ர வாயில படாது” எண்டா. சிரிப்பு நிண்டுது. ஆரோ கை தட்டினார், பிறகு எல்லாரும் தட்டினம். ஐயா அம்மாவைப் பாத்த பார்வை எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. கலியாணத்தண்டைக்கும் அப்பிடிப் பாத்திருக்க மாட்டார்.

தம்பி பிறந்தான். வீட்டிலதான் பிறந்தான். மருத்துவிச்சி அம்மா வந்து பிள்ளையைக் குளிப்பாட்டி எனக்குக் காட்டேக்க, கறுத்தத் தலைமயிர் நெத்தி வரைக்கும் ஒட்டிக் கிடந்தது. கையை விரிச்சு விரிச்சு மூடினான். வாயைத் திறந்து அழுதான், ஒரு பல்லும் இல்லை. ஐயா குனிஞ்சு பாத்து, “இவன்தான் சரியான சைவம்” எண்டு சொல்லிச் சிரிச்சார். அவர் சிரிக்கச் சிரிக்கக் கண்ணால தண்ணி ஓடிச்சுது.

அம்மாவுக்குப் பால் காணேல்லை. முதல் கொஞ்ச நாள் சுரந்தது, பிறகு குறைஞ்சு குறைஞ்சு போச்சு. கர்ப்பத்திலயே அவ வெளிறிப் போயிருந்தவ, பெத்தாப் பிறகு நிலத்தைப் பிடிச்சுக்கொண்டு எழும்புவா. தம்பி உறிஞ்சுவான், வராது, கத்துவான். அந்தக் கத்தல் ஒழுங்கை முழுக்கக் கேக்கும். மருத்துவிச்சி அம்மா அம்மாவின்ர கண்மடலை இழுத்துப் பாத்துப்போட்டு ஐயாவின்ர முகத்துக்கு நேர சொன்னா. “பால்சுறா அவிச்சு வறுத்துக் குடுங்கோ. உள்ளி கனக்கப் போட்டு. ஈரலும் குடுத்தால் நல்லது. தாயின்ர உடம்பில ஒண்டும் இல்லை.”

பிள்ளை பெத்தவளுக்குப் பால்சுறா. எங்கட கரையில இதைச் சொல்ல மருத்துவிச்சி வேணுமெண்டே இல்லை, ரோட்டால போறவனும் சொல்லுவான். ஐயா கேட்டுக்கொண்டு நிண்டார். “ம்” எண்டார். அம்மா படுத்த பாயில இருந்து அவரின்ர முகத்தைப் பாத்தா. அவர் அம்மாவின்ர முகத்தைப் பாத்தார். ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கேல்லை. மருத்துவிச்சி அம்மா குடையை எடுத்துக்கொண்டு போட்டா.

முருங்கையிலை வந்தது. பேரீச்சம்பழம் வந்தது. பயறு, உள்ளிக்குழம்பு, நல்லெண்ணெய், ஐயா ஓடி ஓடி எல்லாம் கொண்டுவந்தார். அவர் பொல்லாத மனுசன் இல்லை. இரவிரவாத் தம்பியைத் தோளில போட்டுக்கொண்டு நடப்பார். காலமை வேலைக்குப் போகேக்க கண் ரெண்டும் சிவந்து கிடக்கும்.

எங்கட வேலிக்கு அங்கால ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு மனுசியை நாங்கள் ராத்தா எண்டு கூப்பிடுவம். அவவின்ர சொந்த இடம் கிண்ணியா. அம்மாவைத் தங்கச்சி எண்டுவா. வேலியில ஒரு பொட்டு இருந்தது, அதுக்குள்ளால கறியும் கதையும் போய் வரும். ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், ஐயா வீட்டில இல்லாத நேரம், ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பொட்டுக்குள்ளால வந்தா. கையில மூடின கோப்பை. மூடியைத் திறக்க முதலே மணம் வந்திட்டுது. சுறா வறை. தேங்காய்ப்பூவும் மிளகும் உள்ளியும் கறிவேப்பிலையும். எனக்கு வாய் ஊறிச்சுது.

“தங்கச்சி, சூடா இருக்கு. இத திண்டுட்டுப் படு. புள்ளக்கிப் பால் வரும்.”

அம்மா கோப்பையைப் பாத்துக்கொண்டிருந்தா. கனநேரம் பாத்தா. மடியில தம்பி வெறும் மார்பைச் சப்பிக்கொண்டு கிடந்தான்.

“வேண்டாம் ராத்தா. கோவிக்காதேங்கோ.”

“ஆரு பாக்கப் போற? கிளாக்கர் ஐயாவும் ஊட்ல இல்ல.”

“அதுதான் ராத்தா. அவர் இல்லாத நேரம் பாத்துத் தின்னுறதோ? எத்தினை பேருக்கு முன்னால அவருக்காக எழும்பி நிண்டு சொன்னனான். இப்ப ஒளிச்சுத் திண்டால் நான் என்ன மனுசி? சாம்பல்தீவாள் தன்ர புத்தியைக் காட்டிப்போட்டாள் எண்டு அவற்ற ஆக்கள் சொல்லுவினம். அவர் தலை நிமிர்ந்து நடக்க ஏலாது.”

ராத்தா ஏதோ சொல்ல வாயெடுத்தா. பிறகு வாயை மூடினா. திரும்பவும் எடுத்தா, திரும்பவும் மூடினா. கடைசியில கோப்பையைத் தூக்கிக்கொண்டு, “ரப்பே, நான் என்ன செய்ய” எண்டு தனக்குள்ள சொல்லிக்கொண்டு பொட்டுக்குள்ளால போட்டா.

ஐயா பின்னேரம்தான் வந்தார். ஞாயித்துக்கிழமை துறைமுகத்தில அவருக்கு என்ன வேலை எண்டு நான் யோசிக்கேல்லை. வாசலில நிண்டு மூக்கை உறிஞ்சினார். குசினியை எட்டிப் பாத்தார். அம்மாட்டக் கேட்டார்.

“மத்தியானம் நீர் சாப்பிட்டீரோ?”

“ஓம்.”

“என்ன?”

“முருங்கையிலை வறைதான். வேறென்ன?”

ஐயாவின்ர முகம் விழுந்து போச்சு. அதை அம்மாவும் கண்டா, நானும் கண்டன். சட்டையைக் கழட்டாமலே முத்தத்தில போய் நிண்டார். நாங்கள் ரெண்டு பேரும் மீன் மணம் பிடிச்சிட்டார் எண்டு நினைச்சம். அம்மா பயந்துபோய், “ராத்தா கொண்டுவந்தவ, நான் தொடேல்லை, திருப்பி அனுப்பிப்போட்டன்” எண்டு உள்ளுக்கிருந்து சொன்னா. “நல்லது” எண்டார் ஐயா. வேறென்ன சொல்லுறதெண்டு தெரியாமல் சொன்ன சொல்லு அது. அம்மா அதைக் கேட்டு நிம்மதியாக் கண்ணை மூடினா.

பிறகு சூப்பிப் போத்தல் வந்தது. பசுப்பாலைத் தண்ணி விட்டுக் காய்ச்சிக் குடுத்தம். போத்தலைக் கழுவிறது, அவிக்கிறது எண்டு ஆருக்கு அப்ப வடிவாத் தெரியும்? தம்பி கொஞ்சம் தேறின மாதிரி இருந்தது. பிறகு வயித்தால போகத் தொடங்கிச்சுது. நாட்டு மருந்து குடுத்து நிக்கேல்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகேக்க கண் உள்ளுக்குப் போய், உச்சிக்குழி பள்ளமாக் கிடந்தது. அம்மா அவனை மார்போட அணைச்சுக்கொண்டு காரில இருந்தா. திரும்பி வரேக்க ஐயாவின்ர கையில வெள்ளைத் துணியால சுத்தின பொட்டலம்தான் வந்தது.

சுறா திண்டிருந்தால் பால் சுரந்திருக்குமோ? போத்தல் வந்திராதோ? தம்பி இண்டைக்கு எங்களோட இருந்து பல்லைக் கழட்டிக் கிளாசில போடுவானோ? எனக்குத் தெரியாது. என்ர பேத்தி ஒரு டொக்டர், அவவைக் கேட்டனான். மீன் திண்டதால மட்டும் பால் வரும் எண்டில்லை, ஆனால் தாய்க்கு இரத்தம் இருந்திருக்கவேணும் எண்டா. பிறகு என்ர முகத்தைப் பாத்திட்டு மிச்சத்தைச் சொல்லேல்லை.

பச்சைப்பிள்ளைக்குச் செத்தவீட்டுச் சடங்கு ஒண்டும் இல்லை. புதைச்சுப்போட்டு வந்து தலை முழுகினால் முடிஞ்சுது. ஒரு கிழமை போக, மாமா சாம்பல்தீவிலயிருந்து வந்தார். துக்கம் நடந்த வீட்டுக்கு மச்சம் கொண்டுபோய்க் குடுத்துத் துக்கத்தை முடிச்சு வைக்கிறது தாய்வீட்டு ஆக்களின்ர கடமை. பனையோலைப் பையை முத்தத்தில ஐயாவின்ர காலடியில வைச்சார். விளைமீன், வால் வெளிய தெரிஞ்சுது.

“அத்தான், இதை என்ர தங்கச்சி சமைப்பாள், தின்னுவாள். இண்டைக்கு நான் பாத்திட்டுத்தான் போவன்.”

ஐயா மீன்வாலையே பாத்துக்கொண்டு நிண்டார். மாமாவுக்கு அதுதான் ஆத்திரத்தைக் கிளப்பினது. “சிங்கத்துக்குப் பல்லிருக்கு, உங்களுக்குப் பல்லில்லை எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சியள். என்ர மருமோனைச் சிங்கம் தின்னேல்லை அத்தான். உங்கட கதைதான் திண்டது.”

ஐயா நிமிர்ந்து பாத்தார். “மச்சான், நான் ஒருநாளும் அவவைத் தின்னாதை எண்டு சொன்னனானோ? கேளும் உம்மட தங்கச்சியை.”

அம்மா குசினி வாசலில நிண்டா. “சொல்லேல்லை” எண்டா. “தின் எண்டும் சொல்லேல்லை.”

அப்ப வேலிப் பொட்டுக்குள்ள ராத்தா நிண்டா. அழுதுகொண்டுதான் வந்தா. “அல்லாஹ் என்ன மன்னிக்கட்டும், இனி என்னால வாயப் பொத்திக்கிட்டு இருக்க ஏலா. தங்கச்சி, அண்டக்கி அந்தச் சுறா நானாக் கொண்டந்ததில்ல. இந்த மனுசன்தான் முதல்நாள் வேலியடியில வந்து நிண்டு, எப்பிடியாவது அவளத் திங்க வையுங்க ராத்தா, நான் சொன்னண்டு மட்டும் சொல்லிராதீங்கண்டு, சத்தியம் வாங்கிட்டுப் போனாரு. நீ திங்கணுமெண்டுதான் ஊட்ட விட்டும் போனாரு.”

அம்மா ஐயாவைப் பாத்தா.

“உண்மையோ?”

ஐயா தலையாட்டினார். “நீராத் திண்டால் நான் தெரியாத மாதிரி இருந்திருப்பன்... நீர் வேண்டாம் எண்டு அனுப்பினவுடன, உமக்கே விருப்பமில்லையாக்கும் எண்டு... மடத்தில அவ்வளவு பேசினாப் பிறகு நானா எப்பிடி வந்து...”

“நான் உங்கட மானத்தைப் பாத்தன்” எண்டா அம்மா. குரல் உயரேல்லை. “நீங்களும் உங்கட மானத்தைப் பாத்தியள். பிள்ளையை ஆர் பாத்தது?”

மாமா முகத்தைப் பொத்திக்கொண்டு முத்தத்தில குந்தினார். அம்மா வந்து பனையோலைப் பையைத் தூக்கினா. கிணத்தடிக்குக் கொண்டுபோய்ச் செதில் வழிச்சு, கழுவி, வெட்டினா. வீட்டில மீன்சட்டி இல்லை. வெள்ளிக்கிழமை மரக்கறிச் சட்டியை எடுத்து அடுப்பில வைச்சா. எங்கட வீட்டில அந்தச் சட்டிக்குள்ள மீன் போனது அண்டைக்குத்தான். பழப்புளி கரைச்சு, உள்ளியும் வெந்தயமும் போட்டுக் குழம்பு வைச்சா. மணம் எழும்பி வீடு முழுக்க நிறைஞ்சுது. எவ்வளவு நாளைக்குப் பிறகு! எனக்குப் பசிச்சுது, பசிக்குதே எண்டு அழுகையும் வந்தது.

ஐயாவுக்கும் மாமாவுக்கும் எனக்கும் இலை போட்டா. ஐயாவின்ர சோத்துக்குப் பக்கத்தில நடுத்துண்டை வைச்சா. அவர் சோத்தைப் பிசைஞ்சார். ஒரு வாய் வைச்சார். அழுதுகொண்டே விழுங்கினார். பல்லு இருந்ததோ இல்லையோ, சப்பினாரோ இல்லையோ, விழுங்கினார். “நீரும் இரும். நீரும் சாப்பிடும்” எண்டு அம்மாவின்ர கையைப் பிடிச்சார். எல்லாருக்கும் முன்னால, வாய் திறந்து, தெளிவாச் சொன்னார்.

“எனக்கு வேண்டாம்” எண்டா அம்மா. “நான் மடத்தில சொன்ன சொல்லு சொன்னதுதான்.”

எலும்பு ரின்னைப் பிறகு நான் காணேல்லை. கயிறுகளும் ஒண்டொண்டா இத்துப் போச்சு. ஐயா அதுக்குப் பிறகு பல்லைப் பற்றி ஒருத்தரோடயும் கதைக்கேல்லை, ஆராவது பகிடிக்குக் கேட்டாலும் எழும்பிப் போயிடுவார். எனக்குத் தம்பியோ தங்கச்சியோ பிறகு பிறக்கேல்லை. அம்மா சாகுமட்டும் மச்சத்தை வாயில வைக்கேல்லை. கடைசியா நோயில விழுந்து கிடக்கேக்க டொக்டர் மீன் சூப் குடுக்கச் சொன்னதுக்கும் உதட்டை மூடிக்கொண்டா. ஆனால் அடுப்படியில நிக்க ஏலுமா இருந்த ஒவ்வொரு நாளும் ஐயாவுக்கு மீன் சமைச்சா. ஒரு நாளும் தவறேல்லை. பாரை, கீரி, சுறா, அண்டைக்குக் கரைக்கு என்ன வந்ததோ அது. நல்ல துண்டாப் பாத்து இலையில வைச்சிட்டு, அவர் திண்டு முடியுமட்டும் பக்கத்தில நிப்பா.

ஐயாவுக்கு அது தொண்டையால இறங்கிறதில்லை, எனக்கு வடிவாத் தெரியும். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி குடிப்பார். போதும், இனி எனக்கு மீன் வைக்காதேயும் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் அம்மா நிப்பாட்டியிருப்பா. அந்தச் சொல்லும் அவருக்குக் கடைசி வரைக்கும் வாயில வரேல்லை.